கையடக்க கேம் கருவி வாங்கும் முன்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

கையடக்க கேம் கருவி ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இந்த விலைக்கு எது நல்லது?" என்பதுதான். இயல்பான கேள்விதான் இது. ஆனால் இதற்கு நேரடியாகப் பதில் தேடப் புறப்பட்டால், பிராசசரின் பெயர், திரையின் ஹெர்ட்ஸ், ராமின் ஜிபி என்று எண்களின் பட்டியலுக்குள் சிக்கிக்கொண்டு, கடைசியில் எந்த எண் பெரியதோ அதற்குக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம். நானும் அப்படித்தான் என் முதல் கருவியை வாங்கினேன். அந்த விலைக்கு அதன் சிப் உண்மையிலேயே வலுவானதுதான். ஆனால் மூன்றாவது மாதத்தில் இடப்பக்க ஜாய்ஸ்டிக் பழுதாகி, நான் தொடாமலேயே விளையாட்டில் இருக்கும் ஆள் இடப்புறமாக நடக்கத் தொடங்கினான். மாற்று ஸ்டிக் கிடைக்காது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். சிப்பும் திரையும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன, விளையாடத்தான் முடியவில்லை.

அந்த அனுபவத்திலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான்: பின்னாளில் மாற்ற முடியாத பாகங்களுக்குத் தாராளமாகவும், மாற்றவோ சேர்க்கவோ முடிகிற பாகங்களுக்குச் சிக்கனமாகவும் செலவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த அளவுகோலை ஒவ்வொரு பாகமாக வைத்துப் பார்ப்பவைதான். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், பெரும்பாலும் அறிமுகத்தின்போது அமெரிக்காவில் வைத்த டாலர் விலையையே இங்கே தருகிறேன். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

தொடங்கும் முன் ஒரு பழைய கணக்கு

1989-இல் நிண்டெண்டோவின் கேம் பாய் வெளிவந்தபோது, அதற்குப் போட்டியாக அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்ஸ் வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் அறிமுகமான சேகாவின் கேம் கியரும் அப்படித்தான். கேம் பாயிலோ பச்சைச் சாயலில் நான்கே நிறச்சாயைகள், பின்னொளியும் கிடையாது. அமெரிக்காவில் கேம் பாய் ஏறத்தாழ 90 டாலருக்கும், லிங்ஸ் ஏறத்தாழ 180 டாலருக்கும் விற்றன. எண்களை மட்டும் பார்த்தால் கேம் பாய் தோற்றிருக்க வேண்டும். ஆனால் அது நான்கு சிறு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கேம் கியரோ ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றுவிட்டது.

கேம் பாயை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த குன்பெய் யோகோய், விலை இறங்கி, குறைகள் களையப்பட்டு, நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதுக்கோணத்தில் பயன்படுத்துவதையே தன் வடிவமைப்புக் கொள்கையாக வைத்திருந்தார். திரையில் அவர் மிச்சம் பிடித்த பணமும் மின்சாரமும், கருவியை எங்கும் எடுத்துச்சென்று நெடுநேரம் ஆடும் வசதியாக வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தன. தரம் என்பது ஒவ்வொரு பாகமும் உச்சத்தில் இருப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் சலிக்காமல் சொல்வதுண்டு.

முதல் படி: கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையாகவே ஆடப்போகும் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களை எழுதுங்கள். ஆட ஆசைப்படுபவற்றை அல்ல, ஆடப்போகிறவற்றை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எங்கே ஆடுவீர்கள், ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் ஆடுவீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நாற்பது நிமிட ரயில் பயணம், இரவில் படுக்கையில் ஒரு மணி நேரம், விடுமுறையில் தொலைக்காட்சியோடு இணைத்து மூன்று மணி நேரம் ஆகியவை மூன்று வேறு வேறு கருவிகளைக் கேட்கும் தேவைகள்.

இந்தத் தாளே உங்கள் விலை வரம்பை ஏறத்தாழ முடிவு செய்துவிடும். ஐந்தில் நான்கு விளையாட்டுகள் கேம் பாய் அட்வான்ஸ் காலத்தவை அல்லது முதல் பிளேஸ்டேஷன் காலத்தவை என்றால், 50 முதல் 80 டாலர் வரையிலான சிறு கருவிகளே போதும். மியூ மினி பிளஸ், அன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வரிசை போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. 200 டாலரை ஒட்டிய விலையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, 2019-இல் 199.99 டாலருக்கு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் போல, ஒரே நிறுவனத்தின் விளையாட்டுகளுக்கென்றே உருவானது. மற்றொன்று, ரெட்ராய்ட் பாக்கெட் 5 போன்ற ஆண்ட்ராய்டு கருவி. அண்மைக்காலப் பெரிய கணினி விளையாட்டுகள்தாம் வேண்டும் என்றால் அறிமுக விலைப்படியே 400 முதல் 800 டாலர் வரை ஆகும். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், ஆசுஸின் ஆர்ஓஜி அலை, லெனோவாவின் லீஜன் கோ ஆகியவை அங்கே இருக்கின்றன. 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2-வும் விலையளவில் இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான்.

பழைய விளையாட்டுகளுக்கான மலிவுக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றுள் பல, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் நிரப்பிய மெமரி கார்டோடு விற்கப்படுகின்றன. அந்தப் பிரதிகள் பெரும்பாலும் உரிமையாளரின் அனுமதி இல்லாதவை. கார்டும் பெயரில்லாத, சில மாதங்களில் பழுதாகும் ரகமாகவே இருக்கும். உங்களிடம் உள்ள அசல் கேட்ரிட்ஜ்களிலிருந்து (விளையாட்டு அடங்கிய செருகு அட்டைகள்) எடுத்த பிரதிகளையும், சுயாதீனப் படைப்பாளர்கள் இன்றும் புதிதாக எழுதி விற்கும் கேம் பாய் விளையாட்டுகளையும் நம்பகமான நிறுவனத்தின் கார்டில் போட்டு ஆடுவதே முறை.

இரண்டாம் படி: கைக்குப் பணம் கொடுங்கள்

எல்லா மதிப்புரைகளும் சிப்பில் தொடங்கும். நான் பட்டன்களில் தொடங்குகிறேன். சிப் சற்று மெதுவாக இருந்தால் படத்தின் தரத்தைக் குறைத்து ஆடலாம். டி-பேட் எனப்படும் நான்கு திசைப் பட்டன் மோசமாக இருந்தால் குறைப்பதற்கு எதுவும் இல்லை.

ஜாய்ஸ்டிக்கில் பெரும்பாலான கருவிகள் பொடென்ஷியோமீட்டர் முறையைப் பயன்படுத்துகின்றன. ஸ்டிக்கை அசைக்கும்போது உள்ளே ஒரு சிறு உலோகத் துடைப்பான் கரிப்பூச்சின் மேல் உரசி நகரும். அது தொட்டிருக்கும் இடத்தை வைத்து நிலை கணக்கிடப்படுகிறது. உரசல் இருக்கும் இடத்தில் தேய்மானம் இருக்கும். தேய்ந்த துகளும் தூசியும் சேரச் சேர, விரலை எடுத்த பிறகும் ஸ்டிக் நகர்வதாகவே கருவி நம்பத் தொடங்கும். ட்ரிஃப்ட் என்று பயனர்கள் சொல்லும் பழுது இதுதான். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் எனப்படும் முறைகளில் ஒரு காந்தமும் உணர்வியும் ஒன்றையொன்று தொடாமலேயே நிலையை அறிகின்றன. உரசும் பரப்பு இல்லாததால் இந்தத் தேய்மானமும் இல்லை. ஒரே விலையில் இரண்டு கருவிகள் இருந்து, ஒன்றில் சற்றே வேகமான சிப்பும் மற்றொன்றில் ஹால் ஸ்டிக்கும் இருந்தால், நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

பொடென்ஷியோமீட்டர் ஸ்டிக் உள்ள கருவியைத்தான் வாங்க நேரும் என்றால், அதை எளிதாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். முதல் ஸ்விட்ச்சில் ஜாய்-கான் எனப்படும் பக்கப் பிடி பழுதானால், அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். ஸ்விட்ச் லைட்டில் ஸ்டிக்குகள் உடலோடு சேர்ந்தவை. பழுதானால் கருவி முழுவதையும் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். விலைக்குறைப்பு எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டிவிடும். ஸ்டீம் டெக்குக்கு 2022 முதல் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் வழியாக உதிரிப் பாகங்கள் விற்கப்படுகின்றன. ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வசதி பெட்டியின் மேல் எண்ணாக அச்சிடப்படுவதில்லை. ஆனாலும் பணம் கொடுத்து வாங்கத் தக்க தரம் இது.

கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இப்படிச் சோதியுங்கள். அமைப்புகளில் ஸ்டிக் சோதனைத் திரையைத் திறந்தால், ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் தெரியும். ஸ்டிக்கை விளிம்பு வரை தள்ளி மிக மெதுவாகத் திரும்ப விடுங்கள். பிறகு தள்ளிச் சட்டென்று விடுங்கள். இரண்டு முறையும் புள்ளி நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நான்கு திசைகளிலும் இதைச் செய்யுங்கள். விளிம்பையொட்டி ஸ்டிக்கைச் சுழற்றும்போது புள்ளி வட்டத்தை முழுமையாகத் தொட்டுச் செல்கிறதா என்றும் கவனியுங்கள். அடுத்து, டி-பேட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து இடமும் வலமுமாக வேகமாக மாற்றி மாற்றி அழுத்துங்கள். அப்போது நீங்கள் கேட்காத "மேல்" அல்லது "கீழ்" திரையில் ஒருமுறை மின்னினாலும், சண்டை விளையாட்டுகளிலும் டெட்ரிஸ் போன்றவற்றிலும் அந்தக் கருவி உங்களைக் கைவிட்டுவிடும். கீழிருந்து வலப்பக்கம் வரை விரலை உருட்டும்போது இடையிலுள்ள மூலைத்திசை தவறாமல் பதிவாகிறதா என்பது கடைசிச் சோதனை.

எடையும் கையின் பொறுப்புதான். ஸ்விட்ச் லைட் சுமார் 275 கிராம், ஸ்டீம் டெக்கின் முதல் பதிப்பு சுமார் 670 கிராம், லீஜன் கோ கட்டுப்பாட்டுப் பிடிகளோடு சேர்த்து சுமார் 850 கிராம். கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வீட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் படுத்தவாறு முகத்துக்கு மேலே இரு கைகளாலும் இருபது நிமிடம் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: திரையின் பிக்சல்களை எண்ணுங்கள், ஆனால் சரியாக எண்ணுங்கள்

ஸ்டீம் டெக்கின் திரை 1280-க்கு 800. அதாவது சுமார் 10 லட்சம் பிக்சல்கள். ஆர்ஓஜி அலையின் திரை 1920-க்கு 1080. சுமார் 20 லட்சம். லீஜன் கோவின் திரை 2560-க்கு 1600. சுமார் 41 லட்சம், அதாவது ஸ்டீம் டெக்கைப் போல நான்கு மடங்கு. சிப் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது அசைவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், இவ்வளவு பிக்சல்களையும் வரைந்தாக வேண்டும். ஆர்ஓஜி அலையின் உயர் பதிப்பும் லீஜன் கோவும் ஒரே சிப்பைக் கொண்டவை. எனவே பெரிய விளையாட்டுகளை அந்த நான்கு மடங்குத் திரையில் முழுத் தெளிவில் ஓட்ட அந்தச் சிப்பால் முடிவதில்லை. தெளிவைக் குறைத்துத்தான் ஆட வேண்டும். பயன்படுத்தாத பிக்சல்களுக்கும் நீங்கள் விலை கொடுத்திருப்பீர்கள். ஏழு அங்குலத் திரையில் 1280-க்கு 800 என்பது கண்ணுக்குப் போதுமானது என்பது என் முடிவு. ஆனால் கருவியில் நிறையப் படிப்பவர்களுக்கும், அதைக் கணினியாகவும் பயன்படுத்துபவர்களுக்கும் கூர்மையான எழுத்து தேவைப்படுவது நியாயமே.

பழைய விளையாட்டுகளுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாக அமைகிறது. கேம் பாய் அட்வான்ஸின் படம் 240-க்கு 160. அதை 640-க்கு 480 திரையில் விரித்தால் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவான மடங்கு வரும். சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும், நகரும்போது படம் நெளிவது போலத் தெரியும். 720-க்கு 480 திரையில் சரியாக மூன்று மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக நிற்கும். அன்பெர்னிக்கின் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் இந்தக் காரணத்தால்தான் அந்த அளவுத் திரையோடு வந்தது. அனலாக் பாக்கெட் கருவியின் திரை 1600-க்கு 1440 என்பதும் அப்படியே. 160-க்கு 144 என்ற கேம் பாய் படத்தைச் சரியாகப் பத்து மடங்காக்கும் அளவு அது. எனவே மலிவுக் கருவியில் "அதிகத் தெளிவு" என்ற விளம்பரத்தைவிட, உங்கள் விளையாட்டின் படஅளவால் திரையின் அளவு மீதியின்றி வகுபடுகிறதா என்ற பள்ளிக்கூடக் கணக்கே பயன்தரும்.

ஓஎல்இடியா எல்சிடியா என்ற கேள்விக்கு வருவோம். இரவில் விளக்கணைத்து ஆடுபவருக்கு ஓஎல்இடியின் ஆழ்ந்த கறுப்பு கண்ணுக்கு இதமானது. அதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாம். 2021-இல் வந்த ஸ்விட்ச் ஓஎல்இடி பதிப்புக்கு 349.99 டாலர், அதாவது முதல் பதிப்பைவிட 50 டாலர் கூடுதல். உள்ளே ஓடும் சிப் விளையாட்டின் வேகத்தில் எதையும் கூட்டவில்லை. கிடைத்தவை பெரிய, அழகான ஏழு அங்குலத் திரை, இரு மடங்கு சேமிப்பிடம், உறுதியான பின்தாங்கி ஆகியவை. எப்போதும் தொலைக்காட்சியோடு இணைத்தே ஆடுபவருக்கு அந்த 50 டாலரில் பெரும்பகுதி வீண். கையில் வைத்தே ஆடுபவருக்கு, நாள்தோறும் கண் பார்க்கும் ஒரே பாகம் அதுதான் என்பதால், மிக நல்ல செலவு.

நான்காம் படி: பேட்டரியை வாட்-மணியில் கணக்கிடுங்கள்

விளம்பரங்களில் எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி) எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அந்த எண் மின்னழுத்தத்தைச் சேர்க்காமல் முழுமையாகாது. வாட்-மணியே நேர்மையான அளவு. 3.7 வோல்ட்டில் 3000 எம்ஏஎச் என்றால் சுமார் 11 வாட்-மணி. ஸ்டீம் டெக்கின் முதல் பதிப்பு 40 வாட்-மணி. 2023 நவம்பரில் வந்த அதன் ஓஎல்இடி பதிப்பு 50 வாட்-மணி.

இனி வகுத்தல் கணக்குதான். பெரிய விளையாட்டு ஒன்றில் சிப் 15 வாட் எடுத்து, திரையும் மற்றவையும் சேர்ந்து மொத்தம் 20 வாட் செலவானால், 40 வாட்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீரும். சிப்பை 30 வாட் வரை ஓட்டக்கூடிய கருவியில் அதே பேட்டரி இருந்தால், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆர்ஓஜி அலை 2023-இல் 40 வாட்-மணி பேட்டரியோடு 699 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆர்ஓஜி அலை எக்ஸ் அதே சிப்போடு, பேட்டரியை 80 வாட்-மணியாக இரட்டித்து, ராமையும் சேமிப்பிடத்தையும் கூட்டி, 799 டாலருக்கு வந்தது. எடை சுமார் 70 கிராம் கூடியது. வெளியூர்ப் பயணத்தில் ஆடுபவருக்கு இந்த 100 டாலர் மிகுந்த பொருளுள்ளது. வீட்டில் சோபாவுக்குப் பக்கத்திலேயே சார்ஜர் செருகியிருப்பவருக்கு அவ்வளவு இல்லை.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. விளையாட்டு நொடிக்கு 60 பிரேமில் ஓடினால் ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும், 30-இல் 33.3 மில்லிநொடி. இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும் 25 மில்லிநொடி, நொடிக்கு 40 பிரேமில் கிடைக்கிறது. ஸ்டீம் டெக்கின் முதல் பதிப்பில் திரையின் வேகத்தை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பிரேம் வரம்பையும் 40-ஆக வைத்தால், அசைவு 30-ஐவிடத் தெளிவாக மென்மையாகவும், மின்செலவு 60-ஐவிட நன்றாகக் குறைந்தும் இருக்கும். பேட்டரி போதவில்லை என்று விலைகூடிய கருவிக்குத் தாவ நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: சிப்பும் ராமும் உறுதியானவை, சேமிப்பிடம் நெகிழ்வானது

சிப்பும் ராமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசிவரை. கணினி விளையாட்டுகளுக்கான கருவியில் 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம், ஏனென்றால் அதே ராமைத்தான் படம் வரையும் பகுதியும் பங்கிட்டுக்கொள்கிறது. மலிவு அடுக்கில் பதினாறு பிட் காலம், கேம் பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் வரை எல்லாம் சீராக ஓடும். நிண்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி ஆகியவை விளையாட்டைப் பொறுத்து ஓடும் அல்லது தடுமாறும். "எல்லாம் ஓடும்" என்று எழுதியிருந்தால், நீங்கள் தாளில் எழுதிய அதே விளையாட்டு அதே கருவியில் ஓடும் காணொளியைத் தேடிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சேமிப்பிடத்தில்தான் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது 64 ஜிபி பதிப்பு 399 டாலர், 256 ஜிபி 529 டாலர், 512 ஜிபி 649 டாலர். அந்த 399 என்ற விலையை எட்டுவது வேதனையாகவே இருந்ததென்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அந்த வேதனையின் பலன் விவரமறிந்த பயனர்களுக்குக் கிடைத்தது. சிப், ராம், பட்டன்கள், பேட்டரி எல்லாம் மூன்றிலும் ஒன்றே. விளையாட்டின் வேகத்தில் வேறுபாடில்லை. சேமிப்பகம் கழற்றி மாட்டும் சிறு அட்டை என்பதால், பலர் 64 ஜிபி பதிப்பை வாங்கி, மெமரி கார்டு ஒன்றைச் செருகியோ, பின்னர் 2230 எனப்படும் சிறு அளவு எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை மாற்றியோ, 250 டாலர் வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். எந்தக் கருவியைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: விலைகூடிய பதிப்பில் எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது நான் பிறகு சேர்க்கக்கூடியதா, சேர்க்க முடியாததா?

இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2011-இல் வந்த பிளேஸ்டேஷன் வீட்டா தனக்கென்றே உருவான மெமரி கார்டை மட்டுமே ஏற்றது. அவை சாதாரணக் கார்டுகளைவிட மிக விலையுயர்ந்தவை. ஸ்விட்ச் 2-வும் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகையை மட்டுமே ஏற்கிறது. பழைய ஸ்விட்ச்சில் இருந்த கார்டை அதில் விளையாட்டுகளுக்குப் பயன்படுத்த முடியாது. அதன் உள்ளேயே 256 ஜிபி இருப்பது ஓரளவு ஆறுதல்.

ஆறாம் படி: விலைக்குப் பின்னே வரும் விலை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மலிவுக் கருவிகளில் இது அப்படியே நடக்கும். இந்தியாவில் ஸ்டீம் டெக்கையும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சையும் அந்தந்த நிறுவனங்கள் நேரடியாக விற்பதில்லை. சென்னையின் ரிச்சி தெருவிலும் இணையத்திலும் கிடைப்பவை இறக்குமதியாளர்கள் கொண்டுவந்தவை. விலையில் சுங்கமும் அவர்களின் லாபமும் சேர்ந்திருக்கும், உத்தரவாதம் கடைக்காரரின் சொல்லளவில் நிற்கும். ஆர்ஓஜி அலை 2023-இல் 69,990 ரூபாய்க்கு இங்கேயே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. டாலர் கணக்கில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும் அந்த விலையில், பழுதானால் எடுத்துச்செல்ல ஒரு சேவை மையம் இருக்கிறது என்ற உறுதியும் அடங்கியிருந்தது. அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைப்பதானால், ஆர்டர் செய்யும் அன்று நடப்பிலிருக்கும் சுங்க வரியையும் ஜிஎஸ்டியையும் கூட்டிப் பார்த்த பிறகே "மலிவு" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

விளையாட்டுகளின் விலை இதைவிடப் பெரிய செலவு. வால்வின் ஸ்டீம் இணையக் கடையில் இந்திய ரூபாயில் விலை உண்டு. ஆண்டுக்குச் சில முறை பெரிய தள்ளுபடிகளும் வரும். நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் பல ஆண்டுகள் கழித்தும் முதல் நாள் விலையை ஒட்டியே நிற்கும்; ஆனால் அவற்றின் கேட்ரிட்ஜை ஆடி முடித்தபின் விற்றுவிடலாம். ஆண்டுக்கு எட்டு விளையாட்டுகள் வாங்குபவருக்கு, கருவியில் மிச்சப்பட்ட 150 டாலர் இரண்டே ஆண்டுகளில் கரைந்துவிடும். ஒன்றிரண்டை மட்டும் ஆண்டு முழுவதும் ஆடுபவருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை.

ஏழாம் படி: எப்போது வாங்குவது, பழையதை வாங்கலாமா

அவசரப்பட்டு முதல் நாளில் வாங்குவதில் பொதுவாக லாபமில்லை. நிண்டெண்டோ 3டிஎஸ் 2011 மார்ச் மாதம் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் 169.99 டாலருக்கு இறங்கியது. முதல் ஸ்விட்ச் வந்து இரண்டரை ஆண்டுகளில், அதே விலையில், இரண்டரை முதல் ஆறரை மணி நேரமாக இருந்த பேட்டரி நேரத்தை நான்கரை முதல் ஒன்பது மணி நேரமாக்கிய திருத்தப் பதிப்பு வந்தது. ஆயினும் விலை இறங்கியே தீரும் என்றும் காத்திருக்க முடியாது. மெமரி சிப் விலை ஏறும் காலங்களில் கருவிகளின் விலையும் ஏறும். தாளில் எழுதிய ஐந்து விளையாட்டுகளும் இன்று கிடைக்கும் ஒரு கருவியில், இன்று உங்களால் கொடுக்க முடிகிற விலையில் சரியாக ஓடினால், வாங்கிவிடலாம்.

ஒருவர் பயன்படுத்திய கருவி, குறைந்த பணத்தில் நல்ல பாகங்கள் பெறச் சிறந்த வழி. அப்படி வாங்கும்போது ஸ்டிக் சோதனையோடு இன்னொன்றையும் செய்யுங்கள். கருவியைச் சமமான மேசையில் முதுகுப்புறமாகப் படுக்கவைத்து ஒரு மூலையை மெல்ல அழுத்துங்கள். தள்ளாடினாலோ, பின்மூடி நடுவில் சற்றே பிதுங்கியிருந்தாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அது விலைபேச வேண்டிய குறை அல்ல, தீப்பிடிக்கக்கூடிய ஆபத்து. கருவியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்ட கருவியா, பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இணையத்தில் இணைத்துப் பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.

கடைசிப் படி: வந்து சேர்ந்த முதல் வாரம்

பெட்டியைப் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாகக் கைபேசியில் படமெடுங்கள். மாற்றித் தரக் கேட்கும்போது அதுவே சான்று. முதலில் மென்பொருள் அப்டேட்டை முடியுங்கள். அடர்ந்த ஒரே நிறப் படங்களைத் திரை முழுதும் காட்டி, எரியாத பிக்சல் உண்டா என்று பாருங்கள். இருட்டறையில் கறுப்புத் திரையை வைத்தால், எல்சிடியின் ஓரங்களில் ஒளி கசிவது தெரிந்துவிடும். பிறகு உங்கள் ஐந்து விளையாட்டுகளில் மிகக் கனமானதை ஓட்டி, பேட்டரியை முழுமையிலிருந்து இருபது சதவீதம் வரை ஒருமுறை இறக்கி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் விசிறியின் இரைச்சலும் கைபிடியில் ஏறும் சூடும் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். சோதனைகள் முடியும் வரை திரைக்குக் காப்புத்தாள் ஒட்டாதீர்கள், பெட்டியையும் உள்ளிருக்கும் அட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்து, இடையில் தேர்வோ வேலையோ வந்து சில மாதங்கள் ஆட முடியாது என்றானால், பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் நிறுத்தி, அணைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். முற்றிலும் வறண்ட நிலையிலோ, முழுச் சார்ஜில் சூடான இடத்திலோ மாதக்கணக்கில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாகக் கெடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, அளவைப் பார்த்து, மீண்டும் பாதிக்கு ஏற்றி வைத்தால் போதும்.